கோழிக்கும் கடிகாரம் உண்டு!

கம்பத்தில் முட்டைக்கோழி வளர்க்கும் என் சித்தப்பா, "தீனியை மாத்தியும் முட்டை கூடலையேப்பா" என்றார். போய்ப் பார்த்தேன். கோளாறு டைமரில்!

முட்டையிடும் கோழிக்குத் தினமும் சுமார் 16 மணி நேர வெளிச்சம் தேவை. அது மண்டையோட்டையும் தாண்டி மூளையை எட்டுகிறது. நேரம் குறைந்தால் முட்டையும் குறையும். டிசம்பரில் இங்கே பகல் பதினொன்றரை மணி நேரம்தான். எனவே அதிகாலை 2 மணிக்கே விளக்கு எரிய வேண்டும். மின்வெட்டுகளில் டைமர் நின்று நின்று 3 மணி நேரம் பின்தங்கி, 5 மணிக்குத்தான் எரிந்திருக்கிறது. விடிந்த பிறகும் எரிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாலும் நேரம் மாறாது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி கடிகாரத்தை ஓட்டுகிறது. அது தீர்ந்தால் தேதி தாறுமாறாகும், மாற்றிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கும் பேட்டரி வைத்த டைமர் வாங்கிக் கொடுத்தேன். இழந்த நேரத்தை ஒரேயடியாகத் தராமல், வாரம் அரை மணியாகக் கூட்டி வருகிறார்.