ஆற்றில் குளிக்கப் போறீங்களா? கசம் ஜாக்கிரதை!

பெரும்பாக்கத்தில் இருந்து பாபநாசத்துக்கு ஒரு ஜாலி பயணம்

பள்ளிக்கூட லீவு வந்தால் பெரும்பாக்கம் அடுக்குமாடி வீடுகளில் ஒரே பேச்சு: "இந்தத் தடவை எங்கே போறது?"

"பீச் பார்த்தாச்சு. வண்டலூர் பார்த்தாச்சு. ஆத்துல இறங்கிக் குளிக்கணும்!" என்று பிள்ளைகள் அடம் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே குடியிருப்பவர்களில் பலர் ஆற்றங்கரைக்காரர்கள்தான். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன.

பிறந்தது ஆற்றோரம். ஆனால் சாக்கடை ஓடும் ஆற்றில் எப்படி இறங்குவது? நீச்சல் பழக வழி இல்லாமல் போச்சு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

வற்றாத தண்ணீர்

நல்ல ஆறு வேண்டும் என்றால் நெல்லைச் சீமைக்குப் போகவேண்டும். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிறது. பாறைக்குப் பாறை தண்ணீர் தேங்கி, இயற்கையே கட்டிக்கொடுத்த நீச்சல் குளம் போல நிற்கும்.

மேலே அகஸ்தியர் அருவி. குற்றாலத்தில் சீசன் முடிந்தாலும் இங்கே தண்ணீர் விழும். காரணம், மேலே உள்ள அணையில் தேக்கி, மின்சாரம் எடுக்கத் திறந்துவிடும் தண்ணீர். இங்கே மின் உற்பத்தி 1944-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

எப்படிப் போவது?

மேடவாக்கம் வழியாக தாம்பரம் போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தாம்பரத்தில் இருந்து நெல்லை, அம்பாசமுத்திரம் வழியாக செங்கோட்டைக்கு 2023-ல் ரெயில் விட்டார்கள். ஓடும் கிழமையைப் பார்த்து டிக்கெட் எடுக்கவேண்டும். 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். ராத்திரி ஏறினால் மறுநாள் காலை அம்பாசமுத்திரம். அங்கிருந்து பாபநாசம் சுமார் 10 கிலோ மீட்டர். பஸ் உண்டு.

அருவி இருப்பது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தில். வனத்துறை சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டவேண்டும். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக், மது எதற்கும் அனுமதி இல்லை. மழை, வெள்ளம் என்றால் கேட்டை மூடிவிடுவார்கள். எனவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

கசம் என்றால் என்ன?

மேலே பார்த்தால் தண்ணீர் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். அடியில் பாறை குடைந்து பள்ளம் விழுந்திருக்கும். இதற்கு நெல்லைப் பக்கம் 'கசம்' என்று பெயர். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழத்தில் விழுவார். மணிமுத்தாறு அருவியின் முன்னால் உள்ள தடாகமும் ஆழமானதுதான்.

இன்னொரு ஆபத்து திடீர் வெள்ளம். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் மக்கள் குளித்துக்கொண்டு இருந்தார்கள். மலையில் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயது பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு பலியானான்.

தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சருகும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறிவிட வேண்டும். "இன்னும் ஒரு முழுக்கு" என்று நிற்கக்கூடாது.

சேலையும் உயிர் காக்கும்

உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். பாறை மேல் இருந்து தலைகீழாகக் குதிக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆற்றில் துணி விடும் பழக்கமும் வேண்டாம். அது அடுத்தவர் காலைச் சுற்றும்.

ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே பாயக்கூடாது. ஒன்று இரண்டாகிவிடும். கயிறு, வேட்டி, முடிச்சுப் போட்ட சேலை, எது கிடைத்தாலும் வீசி இழுக்கவேண்டும். அவசரத்துக்கு 108.

கரையில் ஒரு பெரியவர் குளிக்காமல் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தால்தான் அது உல்லாசப் பயணம்!