மனைவிக்கு மட்டும் மருந்தா?

ஸ்திரீகளுக்கு வரும் மேக சம்பந்தமான வியாதிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மறைத்துவைக்கும் ஒரு துன்பம் மௌனத்தினால் தீருமானால் நாமும் மௌனமாயிருப்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, கிளமிடியா, வெட்டை என்னும் கொனோரியா, கிரந்தி என்னும் ஸிபிலிஸ், டிரைகோமோனியாஸிஸ் ஆகிய நான்கு வியாதிகள் மட்டுமே, நாள்தோறும் 10 லட்சத்திற்கு மேற்பட்டவர்களைப் புதிதாகப் பற்றுகின்றன. இந்நான்கும் மருந்தினால் அடியோடு தீரக்கூடியவை என்பதே நமக்கு அதிக வருத்தம் அளிக்கிறது.

இவ்வியாதிகளுக்கு ஸ்திரீயையே குற்றவாளியாக்கும் மனோபாவத்திற்கு இந்நாட்டில் சட்ட உருவம் கொடுத்தது அந்நிய சர்க்கார். 1868-ஆம் வருஷத்துத் தொத்துவியாதிச் சட்டப்படி, வேசியர் எனப்பட்டவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, குறித்த காலங்களில் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைபட வேண்டும். வெள்ளைச் சிப்பாய்களின் தேகத்தைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அப்பெண்களிடம் சென்ற புருஷனைப் பரிசோதிக்க அச்சட்டத்தில் இடமில்லை! இங்கிலாந்தில் இத்தகைய சட்டத்தை எதிர்த்து ஜோஸபின் பட்லர் அம்மையார் முதலியோர் பெருங் கிளர்ச்சி செய்தார்கள். அங்கே 1886-லும் இங்கே 1888-லும் அவை ரத்தாயின. சட்டம் தொலைந்தது, அந்தப் புத்தி மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

வெட்டையும் கிளமிடியாவும் ஸ்திரீகளிடத்தில் பெரும்பாலும் அடையாளம் காட்டுவதில்லை. வலியில்லை, புண்ணில்லை, ஆகவே சந்தேகமும் இல்லை. கிருமியோ கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்களை அடைந்து, அங்கே தழும்பை உண்டாக்கி வழியை அடைத்துவிடுகிறது. அதன் பிறகு கர்ப்பம் தரிப்பது அரிதாகிறது; தரித்தாலும் குழாயிலேயே கரு தங்கி உயிருக்கு அபாயம் நேரலாம். புருஷன் கொணர்ந்த நோயினால் பிள்ளையற்றுப் போனவளை ஊரார் மலடி என்கிறார்கள். இதைவிடக் கொடிய அநியாயம் வேறு உண்டா?

வெள்ளைப்படுதல் எல்லாம் இவ்வியாதி என்று எண்ணி யாரும் கலவரப்பட வேண்டியதில்லை. காளானைச் சேர்ந்த கிருமியினாலும், இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் நிலை மாறுவதாலும் அது வரலாம். வைத்தியரே நிர்ணயிக்க வேண்டிய விஷயம் இது. கிருமிநாசினி கொண்டு உட்புறத்தைக் கழுவும் வழக்கம் தீமையே செய்யும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாலு மாத்திரை விழுங்குவதும் அப்படியே. வெட்டைக் கிருமியை முன்பு கொன்றுவந்த பென்ஸிலின் இன்று அதனிடம் செல்வதில்லை என்பதை மறக்கலாகாது.

மனைவி முழு மருந்தையும் உண்டு குணமடைந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். புருஷன் வைத்தியரிடம் போகாவிட்டால் அந்தக் குணம் எத்தனை நாளைக்கு? இருவரும் சிகிச்சை பெற்று, அதன் பின் ஏழு நாளாவது சேராமலிருக்க வேண்டுமென்பது வைத்திய விதி. தனக்கு நோயின் குறி ஒன்றும் இல்லையே என்று புருஷன் சொல்வது பதிலாகாது. அவனிடத்திலும் கிருமி மறைந்திருக்கக் கூடும்.

கிரந்தியின் கதை இன்னும் பரிதாபமானது. கர்ப்பிணியிடமிருந்து அது சிசுவைப் பற்றினால் குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்தாலும் அங்கக் குறையுடன் வளரலாம். 1943-இல் அமெரிக்காவில் டாக்டர் ஜான் மஹோனி பென்ஸிலினைக் கொண்டு இந்நோயைத் தீர்த்துக் காட்டினார். ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்ஸதீன் பென்ஸிலின் ஒரே ஊசி போதும். நாட்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று. ஆகையால் கர்ப்பம் தெரிந்தவுடனேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அதில் நோய் தெரிந்தால், கணவனுக்கும் அன்றே பரிசோதனை நடக்க வேண்டும்.

தடுப்பு முறைகளில் ஆணுறையைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசியாக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸுக்கு எதிரான தடுப்பூசியோ, பெண் குழந்தைகளுக்கு இளம் பிராயத்திலேயே போடத்தக்கது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன, சிகிச்சை இலவசம். ஆயினும் கூலி வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை இழந்து காலையில் அங்கே வந்து நிற்பானென்று எதிர்பார்ப்பது வீண். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை வேளையில் அவற்றைத் திறந்துவைத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து தனிமையில் வைத்தியரிடம் பேசும்படி ஏற்பாடு செய்யுமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.