திருமலையில் ஏழு நாள் தொண்டு

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருமலையில் தொண்டு செய்ய விரும்பும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் வழக்கமாக ஏழு நாள் பணி. முன்பதிவு அவசியம். காய்கறி நறுக்குவது, அன்னப்பிரசாதம் பரிமாறுவது, வைகுண்டம் வளாகத்தில் காத்திருப்போருக்குத் தண்ணீர், பால் வழங்குவது என்று வேலையைப் பெரும்பாலும் அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். (என் மனைவிக்கு முதல் நாளே மலைபோல் பூசணிக்காய்!) சீக்கிரம் தரிசனம் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள். ரயில்வேயில் அடுத்தவர் வந்து பொறுப்பேற்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் இடத்தைவிட்டு நகரமாட்டார். இங்கும் அப்படித்தான். நாம் காபி குடிக்க நழுவிவிட்டால், கைக்குழந்தையோடு பல மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தாய்க்குப் பால் கொடுக்க ஆள் இருக்காது. டிசம்பரில் போகிறவர்கள் கம்பளியை மறக்க வேண்டாம். மலையில் இரவுக் குளிர் கடுமை.