நாற்பதைத் தாண்டியவருக்கு எத்தனை சிசி?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். உக்கடத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் நம் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். வாரிசுப் பங்கு விவகாரமாக இருக்கும் என்று நினைத்தோம். அவரோ, "ஏனுங்க ஹஜ்ரத், 450 எடுக்கட்டுங்களா, 250 எடுக்கட்டுங்களா?" என்றார்.

அவருக்கு வயது 47. மூன்று பிள்ளைகள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மண் தடத்தில் டர்ட் பைக் ஓட்டிப் பழகி வருகிறார். இனி அமெச்சூர் பந்தயங்களில் கலந்துகொள்ள ஆசை. மதரஸாவில் ஓதிய காலத்திலும் பிறகு பி.ஏ. படித்த காலத்திலும் ஆர்எக்ஸ் 100 சத்தம் கேட்டால் நம் தலை தானாகத் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் நம்மிடம் கேட்டார். அன்று மாலையே அவர் வீட்டம்மா நம் வீட்டிற்குப் போன் செய்து, "சின்ன வண்டியே போதும்னு சொல்லச் சொல்லுங்க" என்று நம் மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பயத்திற்குக் காரணம் இருந்தது. அவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சகோதரர் ஐம்பதை நெருங்கும் வயதில் பழைய 450 ஒன்றை வாங்கி, இரண்டாவது மாதமே தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. மகளின் நிக்காஹ் தள்ளிப்போனது. ஆகவே எத்தனை சிசி என்ற கேள்வி, ஒரு குடும்பத்தின் வரும்படி பற்றிய கேள்வியாகவும் இருக்கிறது.

மோட்டார் பந்தயம் கோவைக்குப் புதிதல்ல. ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிப் பார்த்துத் தொழில் கற்ற ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஆனால் அது தார்த் தடம். மண் பந்தயத்திற்கு நாம் எட்டிப் பார்க்க வேண்டியவர், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஷொர்ணூரில் இருக்கும் ஹரித் நோவா. தேசிய சூப்பர்கிராஸில் பலமுறை பட்டம் வென்றவர். 2024 டக்கார் ராலியில் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார். அந்த டக்கார் ராலியில், உலகின் தலைசிறந்த ஓட்டிகளுக்கே 2011 முதல் 450 சிசிக்கு மேல் அனுமதி இல்லை. அதற்கு முன் பெரிய எஞ்சின்கள் ஓடின. வேகத்தைக் குறைக்கவே இந்த எல்லையை வைத்தார்கள். தொழில்முறை வீரர்களுக்கு வைத்த அந்த மேல் எல்லையிலிருந்துதான் நம்மவர்கள் தொடங்கப் பார்க்கிறார்கள்.

சிசி என்பது எதைச் சொல்கிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. அது கூடினால் ஒவ்வொரு வெடிப்பிலும் கூடுதல் காற்றும் பெட்ரோலும் எரிகின்றன, விசை கூடுகிறது. ஒரு 250 மோட்டோகிராஸ் ஃபோர் ஸ்ட்ரோக் 40 குதிரைத்திறனுக்கு மேல் தரும். 450 ஐம்பதைத் தாண்டிவிடும். நாம் சாலையில் பார்க்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 19 குதிரைத்திறன்தான். 250ஐச் சின்ன வண்டி என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எடையில் பலர் ஏமாறுகிறார்கள். பெட்ரோலோடு 250 சுமார் 106 கிலோ, 450 சுமார் 110 கிலோ. நான்கு கிலோ தானே என்று தோன்றும். ஆனால் 450இன் உள்ளே சுழலும் கிராங்கும் பிஸ்டனும் கனமானவை. சுழலும் கனம் வண்டியைச் சாய விடாமல் தடுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை ஓட்டுபவர் தன் பலத்தால் மடக்க வேண்டியிருக்கும். தடத்தில் இருபது திருப்பம், பதினைந்து நிமிட ஓட்டம் என்றால் அந்த நான்கு கிலோ நாற்பதாகத் தெரியும்.

வயது இங்கேதான் உள்ளே வருகிறது. மோட்டோகிராஸ் ஓட்டும்போது இதயத் துடிப்பு அவரவர் உச்சத்தில் 90 விழுக்காட்டை ஒட்டியே ஓட்டம் முழுக்க நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தோராயக் கணக்கில் 47 வயதுக்காரரின் உச்சம் 173. அதாவது கால் மணி நேரம் நிமிடத்திற்கு 155 துடிப்பு. ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. வண்டிதானே ஓடுகிறது, இவர் உட்கார்ந்துதானே இருக்கிறார் என்பார்கள். உட்காருவதே குறைவு. எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் முன்கை இறுகி விரல் மரத்துப் போகும். அந்த நேரத்தில் மேட்டில் ஏறும்போது மணிக்கட்டு தவறுதலாகக் கொஞ்சம் திரும்பினால், 250 உறுமும். 450 முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். இளைஞனுக்கும் இது நடக்கும். ஆனால் அவன் எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும்.

மறுபக்கமும் உண்டு. 250 ஃபோர் ஸ்ட்ரோக்கை வேகமாக ஓட்ட வேண்டுமானால் எஞ்சினை உச்சச் சுழற்சியிலேயே வைத்திருக்க வேண்டும், கியரை ஓயாமல் மாற்ற வேண்டும். அதுவும் ஒரு களைப்புதான். 450 மூன்றாவது கியரிலேயே பாதித் தடத்தை இழுத்துவிடும், நிதானமாக ஓட்டத் தெரிந்தவருக்கு அது சோம்பேறி வண்டி. ஆகவே 95 கிலோவுக்கு மேல் உடம்பு, பத்து வருட மண் பழக்கம், திராட்டிலை அடக்கும் கை, இம்மூன்றும் இருப்பவர் 450 எடுப்பதை நாம் குறை சொல்ல மாட்டோம். புதிய வண்டிகளில் விசையை மென்மையாக்கும் சுவிட்சும் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் 350 என்று ஒரு வகை உண்டு. வயதானவர்களுக்கு உள்ளபடியே மிகப் பொருத்தமானது அதுதான். ஆனால் இங்கே விலையும் கிடைக்கும் வசதியும் இடிக்கும்.

ஆர்எக்ஸ் 100 பிரியர்கள் டூ ஸ்ட்ரோக்கைப் பற்றிக் கேட்பார்கள். 125 டூ ஸ்ட்ரோக் வண்டி 95 கிலோதான், பிரித்துப் பூட்டுவதும் எளிது. ஆனால் விசை ஒரே இடத்தில் திடீரென்று வந்து விழும். இருபது வயதில் நமக்குப் பிடித்ததே அந்தக் குணம்தான். இப்போது வேண்டாம்.

வண்டிக்கேற்ற தூரம்

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. பயிற்சி தந்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதா வரை ஓட விட்டார்கள். அது ஐந்தாறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய ஒரு மைல்தான். இப்னு உமரும் அதில் ஓட்டியவர். இன்று மேற்கு நாடுகளில் முப்பது வயதுக்கு மேல், நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்கு மேல் என்று தனித்தனி வகுப்பு வைத்து மோட்டோகிராஸ் நடத்துகிறார்கள். அதே அறிவுதான் இது. அத்தகைய வகுப்புகள் பலவற்றில் எஞ்சின் அளவை ஓட்டுபவரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வண்டியை வைத்தே வகுப்பு பிரிகிறது. இறக்குமதி மோட்டோகிராஸ் வண்டிகளுக்குத் தனி, இந்தியத் தயாரிப்புகளுக்குத் தனி. வண்டி வாங்குமுன் எந்த வகுப்பில் ஓடப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. தேசியப் போட்டி என்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமமும் மருத்துவச் சான்றும் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சான்றுக்காக மட்டுமல்லாமல் தமக்காகவும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து மண்ணையும் பார்க்க வேண்டும். கோவையைச் சுற்றிச் செம்மண் காடும் உண்டு, கரிசல் காடும் உண்டு. காய்ந்த செம்மண்ணில் மேலே பொடிக் கற்கள் உருளும். விசை கூடினால் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். அங்கே 250 போதும், மிச்சமும் இருக்கும். மழை பெய்த கரிசலில் மண் சக்கரத்தில் அப்பி வண்டி பாரமாகிவிடும், அப்போது 450காரர் சிரித்துக்கொண்டே போவார். உயரமும் ஒரு கணக்கு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் விசையில் சுமார் 3 விழுக்காடு குறையும். கோவை 400 மீட்டர் உயரம்தான், கவலை இல்லை. 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். (மலையில் ஓட்டுவது என்று காப்புக் காட்டுக்குள் வண்டியை விடுபவர்கள், அது வனச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்துகொள்ளட்டும்.)

சிசியை விட முக்கியமாகப் போகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, உதை போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியா, பட்டன் வண்டியா என்பது. இங்கே செகண்ட் ஹேண்டில் கைமாறும் சுஸுகி ஆர்எம்-இசட் 450க்குப் பட்டன் கிடையாது. விழுந்த வண்டியைத் தூக்கி, மூச்சு வாங்கும் நேரத்தில், சூடான 450ஐ உதைப்பது ஐம்பது வயது முழங்காலுக்கு ஆகாது. இன்னொன்று இருக்கை உயரம். மோட்டோகிராஸ் வண்டிகள் 96, 97 செ.மீ. உயரம். ஐந்தரை அடி மனிதருக்கு நுனிக்கால்தான் எட்டும். நல்ல மெக்கானிக் இதைக் கொஞ்சம் இறக்கித் தருவார்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். புது 250 மோட்டோகிராஸ் பத்து லட்ச ரூபாயை ஒட்டி வரும். அதைப் பதிவு செய்ய முடியாது, சாலையில் ஓட்ட முடியாது, தடத்திற்குக் குட்டியானை வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். எண்ணெய், பிஸ்டன் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் மாற்ற வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தய விபத்தை ஏற்காது. மண்ணே புதிது என்பவர் ஒன்றரை லட்சம் அளவில் வரும் எக்ஸ்பல்ஸில் ஒரு வருடம் பழகட்டும். அது சுமார் 160 கிலோ, பெரிய தாவல்களைத் தாங்காது. ஆனால் 82 செ.மீ. இருக்கையில் கால் ஊன்றிக் கற்கலாம்.

நம் சகோதரருக்கு நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அன்னூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காட்டில் இருக்கும் தடத்தில், இரவல் வாங்கிய 250ஐயும் 450ஐயும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், பதினைந்து நிமிடம் நிற்காமல் ஓட்டச் சொன்னோம். அவர் மகன் போனில் நேரம் குறித்தான். 450இல் முதல் இரண்டு சுற்றும் வேகம். ஒன்பதாவது நிமிடத்தில் அவரே ஓரம் கட்டி இறங்கிக் கையை உதறினார். 250இல் எல்லாச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரம், கடைசிச் சுற்றுதான் சிறந்த சுற்று. "அத்தா, இதுதான்" என்று மகனே சொல்லிவிட்டான்.

பட்டன் ஸ்டார்ட் உள்ள பழைய 250 ஒன்று போன மாதம் வந்து சேர்ந்தது. அவர் வீட்டம்மா மறுபடியும் போன் செய்து, "சின்ன வண்டி தானுங்களே?" என்று கேட்டார்களாம். 40 குதிரைத்திறனைச் சின்னது என்று சொன்னால் பொய்யாகிவிடும். "பந்தய வண்டிகளில் அவருக்குப் பொருந்துவதிலேயே சின்னது" என்று சொல்லச் சொன்னோம்.