ஆடுகளத்தில் அடிபட்டவருக்கு முதலுதவி

களத்தில் விழுந்த வீரரிடம் முதலில் பார்க்க வேண்டியது அவர் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை. கணுக்கால் வீக்கம் காத்திருக்கும். நின்றுபோன இதயம் காத்திருக்காது. அதனால்தான் களப் பரிசோதனைக்கு ஒரு வரிசை இருக்கிறது: நினைவு, மூச்சு, ரத்தப்போக்கு, கழுத்து, தலை, கடைசியில் கை கால். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவர் விழுந்து கிடக்கும் இடத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.

யாரும் மோதாமலே ஒருவர் சாய்ந்து, கூப்பிட்டால் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், இதயம் நின்றுவிட்டதென்றே கொள்ள வேண்டும். அப்போது சில நொடிகள் கை கால் வெட்டி இழுக்கலாம். விட்டுவிட்டு மூச்சுத் திணறல் போலவும் வரலாம். அதை வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பொன்னான நேரம் போய்விடுகிறது. உடனே ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஏ.இ.டி. எனப்படும் மின்னதிர்வுக் கருவி இருந்தால், அது சொல்லும்படி செய்தாலே போதும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சாய்ந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இப்படித்தான் களத்திலேயே மீட்கப்பட்டார். அடுத்த ஆண்டே மீண்டும் ஆட வந்தார்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்துக் கைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கபடியிலோ கால்பந்திலோ தலைகுப்புற விழுந்தவருக்குக் கழுத்து வலியோ, கை கால் மரத்துப்போதலோ இருந்தால், தண்டுவடம் அடிபட்டிருக்கக்கூடும். தோளையும் காலையும் பிடித்துத் தூக்கிச் செல்வது அவரை வாழ்நாள் முழுக்க முடக்கிவிடலாம். தலையை இருபுறமும் கையால் அசையாமல் பிடித்தபடி ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சு நின்றால் மட்டும் உயிர்காப்புக்கே முதலிடம்.

தலையில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவை மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள். சந்தேகம் வந்தாலே அன்று அவர் ஆடக் கூடாது. ஆட்டக்காரர் குறைந்துவிடுவாரே என்ற தயக்கம் இதில் தடையாகாதிருக்க, சர்வதேச கிரிக்கெட் 2019 முதல் மாற்று வீரரை அனுமதிக்கிறது. வாந்தி தொடர்ந்தாலோ, மயக்கம் கூடினாலோ மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்.

கடும் வெயிலில் ஓடியவர் குழப்பமாகப் பேசி விழுந்தால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா இராமல் குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டி போட்ட நீர்த்தொட்டி சிறந்தது. இல்லையெனில் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகே கை கால் காயம். கோணிய எலும்பை இழுத்து நிமிர்த்தாமல், இருக்கும் நிலையிலேயே மரச்சட்டம் வைத்துக் கட்டி, விரல்களில் உணர்வும் நிறமும் மாறாதிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சுளுக்குக்கு உடனே எண்ணெய் போட்டு நீவினால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, பட்டைத்துணி சுற்றி, காலை உயர்த்தி வைப்பதே நல்லது.

இத்தனையும் பலன் தர, ஆட்டம் தொடங்குமுன்பே ஏற்பாடு வேண்டும். 108-ஐ அழைப்பது யார், ஆம்புலன்ஸ் வரும் வாசல் எது, ஏ.இ.டி. எங்கே, நெஞ்சழுத்தப் பயிற்சி பெற்றவர் யார் என்பவை எல்லாப் பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி மைதானமானாலும் பெரிய அரங்கமானாலும் இந்த நான்கும் இருந்தால்தான் களம் ஆடத் தகுந்தது.