தோட்டத்தில் பிறந்த ரகம்

போடிநாயக்கனூர் ஏலத்துக்கு வரும் ஏலக்காயில் பெரும்பகுதி ‘ஞள்ளானி’ ரகம். இதைக் கண்டெடுத்தவர் விஞ்ஞானி அல்ல. மலைக்கு மேலே கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப். காய்ப்பு மிகுந்த செடிகளைத் தோட்டத்திலேயே கவனித்துத் தேர்ந்தெடுத்து, பக்கக்கன்றுகளால் பெருக்கினார்.

அறிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவசாயிக்கு இறங்கும் என்றே விரிவாக்கத் துறையும் தகவல் தொடர்பு ஆய்வுகளும் நெடுங்காலம் எண்ணின. ஞள்ளானி எதிர்த்திசையில் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சரத்தைக் கண்ணால் பார்த்தே நம்பினார்கள்.

ஆனால் வேறு உயரத்திலும் வேறு மழையிலும் அதே செடி காய்க்குமா என்பதைக் கண் சொல்லாது. அதற்கு அளவு வேண்டும்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு செடி தனித்துக் காய்த்தால் குறியிடுங்கள். காய் எடுக்கும்போதெல்லாம் அதன் எடையையும் பக்கத்துச் செடியின் எடையையும் எழுதி, அந்தத் தாளோடு அலுவலரைப் பாருங்கள்.