தானம் கொடுத்த காரைப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் சட்டம்

1970-ல் அமெரிக்க ஷோரூம்களில் டாட்சன் 240இசட் காரின் விலை 3,526 டாலர். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வசதியில்லாதவர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். அதே ரகத்தில் பொத்திப் பாதுகாக்கப்பட்ட ஒரு கார், 2020 ஜனவரியில் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அது விதிவிலக்குதான். ஆனாலும் துருவுக்குத் தப்பிய நல்ல 240இசட் இன்று பல்லாயிரம் டாலர் பெறும்.

அன்று வாங்கியவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தக் காரில் நாட்டமில்லை. விற்க அலையத் தெம்பும் இல்லை. காரைத் தானம் செய்தால் வரிச்சலுகை உண்டு என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. ஒரு போன் செய்தால் போதும், இழுவை வண்டி வீட்டுக்கே வந்து இலவசமாக ஏற்றிக்கொண்டு போகும். சேகரிப்பாளர்கள் தேடும் காரை வைத்திருப்பவர் அவசரப்பட்டு அந்த போனைச் செய்துவிடக் கூடாது.

பல அறக்கட்டளைகள் தானமாக வரும் காரைத் தாங்களே எடுத்துப் போய் விற்பதில்லை. இடையில் ஒரு நிறுவனம் வண்டியை எடுத்துப் போய், பழைய கார் வியாபாரிகள் கூடும் மொத்த ஏலத்தில் விற்று, தன் செலவும் பங்கும் போக மீதியை அனுப்புகிறது. ஓடாத கேம்ரிக்கு அது போதும். 240இசட்டுக்குப் போதாது. பானெட்டைத் திறந்து, உள்ளே பதித்த தகட்டில் உள்ள எண்ணும் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா, பேட்டரித் தட்டுக்குக் கீழே துரு அரித்திருக்கிறதா, கார்புரேட்டர் பழையதேதானா என்று பார்த்துத்தான் சேகரிப்பாளர் விலை சொல்வார். மொத்த ஏலத்தில் ஒவ்வொரு வண்டியும் ஓரிரு நிமிடத்தில் கைமாறிவிடும். இதையெல்லாம் பார்க்க அங்கே யாருக்கு நேரம்?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. அமெரிக்க வரிச் சட்டம் பார்க்கிறது. முன்பெல்லாம் விலைப் புத்தகத்தில் உள்ள தொகையைக் கொடையாளரே கணக்கில் எழுதிக்கொள்வார். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 54 கார்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2003-ல் ஓர் அறிக்கை தந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்களில், கொடையாளர் எழுதிய தொகையில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அறக்கட்டளையின் கைக்கு வந்திருந்தது. 2004-ல் சட்டம் மாறி, 2005 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 500 டாலருக்கு மேல் வரிக் கழிவு கேட்டால், கார் உண்மையில் விற்ற தொகைதான் உச்சவரம்பு. அந்தத் தொகையை 1098-சி படிவத்தில் எழுதி, விற்ற 30 நாளுக்குள் அறக்கட்டளை கொடையாளருக்குத் தர வேண்டும். அறக்கட்டளை காரைத் தன் பணிக்கே வைத்துக்கொண்டால், பெரிய அளவில் செப்பனிட்டால், அல்லது ஏழைக்கு மலிவாகக் கொடுத்தால் மட்டும் சந்தை மதிப்பைக் காட்டலாம்.

விலை ஏறிய காருக்கு இன்னொரு பூட்டும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. 3,526 டாலருக்கு வாங்கிய காரை அறக்கட்டளை 50,000 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவு 50,000 அல்ல, 3,526 மட்டுமே. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பொருளின் விலையேற்றம், அந்தப் பொருள் அறக்கட்டளையின் பணியோடு தொடர்பில்லாதபோது, கழிவில் சேராது. காரைப் புதுப்பிக்கச் செய்த செலவை அடக்க விலையில் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு ரசீது வேண்டும். பெயிண்டருக்கும் மெக்கானிக்குக்கும் கொடுத்த பழைய பில்களைக் கிழித்துப் போட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

கார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் கணக்கே வேறு. காரைக் காட்சிக்கு வைப்பது அவர்களின் பணியோடு சேர்ந்தது என்பதால் முழுச் சந்தை மதிப்பையும் கேட்கலாம். 5,000 டாலருக்கு மேல் என்றால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் 8283 படிவமும் வேண்டும். ஆனால் அருங்காட்சியகங்கள் வரும் எல்லாக் காரையும் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாண்டுக்குள் விற்றுவிட்டால் வரித்துறைக்குத் தகவல் போகும், சலுகையும் பறிபோகலாம். வைத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குவதில் கூச்சம் தேவையில்லை.

செலவுக் கணக்குக் காட்டாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையான கழிவு 2018-ல் ஏறக்குறைய இரட்டிப்பானதிலிருந்து, பெரும்பாலான அமெரிக்கர்கள் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிவு கேட்பதில்லை. அவர்களுக்குக் கார் கொடையால் வரி குறையாது. அப்படியானால் அறக்கட்டளைக்கு எவ்வளவு சேரும் என்பது ஒன்றுதான் கேள்வி. சேகரிப்பாளர் ஏலத்தில் விற்க ஒப்புக்கொள்ளும் அறக்கட்டளையிடம் நேரடியாகக் கொடுக்கலாம். தானே நல்ல விலைக்கு விற்று, லாபத்துக்கு வரி கட்டி, பணமாகக் கொடுக்கலாம். வரிக் கழிவு கேட்பவருக்கும் பல நேரங்களில் பின்னதே லாபம் என்பது என் கணிப்பு.

பெரிய ஏலங்களில் காரை வாங்குபவர் பக்கமிருந்தும் கொடை வரும். 2016 ஜனவரியில் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் புதிய அக்யூரா என்எஸ்எக்ஸ் வரிசையின் முதல் கார் 12 லட்சம் டாலருக்குப் போனது. பணம் குழந்தைகளுக்கான மூளைக் கட்டி அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகளுக்கு. அந்த மாடலின் அடிப்படை விலை 1,56,000 டாலர்தான். 2019-ல் அதே ஏலத்தில் முதல் ஜிஆர் சுப்ரா 21 லட்சம் டாலருக்குப் போனது. இத்தகைய ஏலத்தில் வாங்குபவர் காரின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த பகுதியை மட்டுமே கொடையாகக் காட்ட முடியும்.

எந்த வழியில் கொடுத்தாலும் உரிமைப் பத்திரத்தில் புதியவர் பெயரை எழுதிக் கொடுத்து, கார் கைமாறிய தகவலை மாநில வாகனத் துறைக்கும் தெரிவித்துவிட வேண்டும். அதைச் செய்யாதவர் வீட்டுக்குத்தான், காரை எடுத்துப் போனவர் வாங்கும் பார்க்கிங் அபராதச் சீட்டுகள் வந்து சேரும்.